வேலைவாய்ப்பு அலுவலகம்: உங்கள் நேரடி அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு – சேலம்

என் தங்கை மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மதிப்பெண் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். பள்ளியிலேயே வேலைவாய்ப்புப் பதிவையும் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். “இதைப் பதிந்து வைத்து என்ன மாமா ஆகப்போகிறது?” என்று அவன் கேட்டபோது எனக்கும் தெளிவான பதில் இல்லை. அரசியல் விவாதம் வேண்டாம். அந்த அலுவலகம் உங்களுக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை மட்டும் எழுதினால் அவனைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி – ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

நண்பரே, எனக்கு அரசுப் பணி கிடைத்ததே பதிவு மூப்பினால்தான் (முன்னால் பதிந்தவருக்கே முன்னுரிமை என்ற முறை) என்பதால், அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பி.எட். முடித்துப் பதிந்தேன். தனியார் பள்ளியொன்றில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வந்தேன். நாளிதழில் “இன்ன தேதி வரை பதிந்தவர்கள் பரிந்துரைக்கப்படுகிறார்கள்” என்று கட்-ஆஃப் தேதி வெளியாகும் ஒவ்வொரு முறையும், அட்டையை எடுத்து என் தேதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்கான கடிதம் வந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்த அலுவலகங்கள் வேலை கொடுப்பதற்காக உருவானவை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு தேடித் தருவதற்காக 1945-இல் தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிப்பதுதான் கட்டாயமாக இருந்ததே தவிர, அலுவலகம் அனுப்பும் ஆளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இருக்கவில்லை. அரசுத் துறைகள் பல பணியிடங்களை இந்தப் பட்டியலிலிருந்தே நிரப்பி வந்ததால்தான், பதிந்து வைத்தால் என்றாவது ஒருநாள் வேலை வீடு தேடி வரும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றியது.

அந்த நம்பிக்கைக்கு முதல் அடி 1996-இல் விழுந்தது. பட்டியலில் உள்ளவர்களை மட்டும் அழைத்தால் போதாது, நாளிதழ் விளம்பரம் போன்றவற்றின் மூலமும் விண்ணப்பங்களைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆசிரியர்களைப் பொறுத்தவரை, 2012-இல் தகுதித் தேர்வு வந்த பிறகு பதிவு மூப்பு தன் பழைய மதிப்பை இழந்தது. என்னோடு பி.எட். படித்து, எனக்குச் சில மாதங்கள் கழித்துப் பதிந்த நண்பர் இருவர் அந்த மாற்றத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில், தங்களிடம் படித்த பிள்ளைகளோடு ஒரே அறையில் உட்கார்ந்து தகுதித் தேர்வு எழுதினார்கள். தேர்வு வைத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருபது ஆண்டுகள் வரிசையில் நிற்கவைத்துவிட்டு வரிசையையே கலைத்தது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுமொழி – இல்லத்தரசி, தஞ்சாவூர் மாவட்டம்

ஆசிரியர் ஐயா எழுதியது வேலை பற்றியது. எங்கள் குடும்பத்துக்கு அந்த அலுவலகம் பயன்பட்டது, வேலையில்லாதவர்களுக்குத் தரும் உதவித்தொகை வழியாகத்தான்.

என் தம்பி மாற்றுத்திறனாளி, பி.காம். முடித்தவன். மாற்றுத்திறனாளிகள் பதிந்து ஓராண்டு நிறைவடைந்தாலே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதும், பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும் என்பதும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. விண்ணப்பம் வாங்கப் போனபோது அங்கிருந்த ஊழியர் ஒருவர், “உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னார். தம்பி பயந்துபோய் விண்ணப்பமே வேண்டாம் என்று திரும்பிவிட்டான். உதவித்தொகை பெறுவதால் பதிவு ரத்தாகாது என்று அரசின் செய்திக்குறிப்பிலேயே தெளிவாகப் போடுகிறார்கள். அந்தச் செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துச் சென்று, அதே மேசையில் வைத்துக் காட்டிய பிறகுதான் படிவம் கைக்கு வந்தது.

மாற்றுத்திறனாளி அல்லாத பொதுப் பிரிவினருக்கு விதிகள் வேறு: பதிந்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக்கூடாது, பத்தாம் வகுப்பில் தோல்வியுற்றவர்களுக்கு மாதம் 200, தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிகளுக்கு 600 ரூபாய் என்று மூன்று ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. இந்த விலைவாசியில் 200 ரூபாய் எந்த மூலைக்குக் காணும் என்று கேட்பீர்கள். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் தம்பிக்கு வந்த தொகையில்தான் அவன் தேர்வுக் கட்டணங்களும் பேருந்துச் செலவும் கழிந்தன, அதற்காக அவன் யாரிடமும் கையேந்தவில்லை. ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க மறந்துவிடாதீர்கள். கொடுக்காவிட்டால் பணம் நின்றுபோகும்.

மறுமொழி – இளநிலை உதவியாளர், திருச்சி

அந்தக் கட்டடத்தின் மாடிக்குப் போயிருக்கிறீர்களா என்று எல்லோரிடமும் கேட்கத் தோன்றுகிறது. இப்போது அதன் பெயரே ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’. அங்கே இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. போன்ற போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமில்லாமல் வகுப்பு எடுக்கிறார்கள். தனியார் பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லாத நிலையில் நான் அங்கே சேர்ந்தேன். மின்விசிறி ஒன்று மட்டும் சுற்றும் அந்த அறையில், பழைய வினாத்தாள்களின் பக்கங்கள் கிழிந்து, விடைகள் ஏற்கெனவே பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கும். பாதி விடைகள் தவறாக இருக்கும். எது தவறு என்று நாங்கள் ஐந்தாறு பேர் வாதாடியதில் படித்ததுதான் அதிகம். குரூப் 4 தேர்ச்சி அதில் வந்தது.

அங்கே வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போயிருக்கிறேன். ஒரே நாளில் கையில் பணி ஆணை தந்துவிடுவார்கள். வாங்குவதற்கு முன் பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு, இரவுப் பணி உண்டா, தங்குமிடத்துக்குத் தனியாகக் கழிப்பார்களா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை.

சேலத்து அண்ணாவுக்கு ஒரு வார்த்தை: பதிவை விட வேண்டாம் என்று தங்கை மகனிடம் சொல்லுங்கள். கல்லூரி முடித்ததும் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகச் சேர்த்துவிட வேண்டும். புதுப்பிக்கும் மாதத்தைக் கைப்பேசியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் வீட்டிலிருந்தே இணையத்தில் செய்யலாம். பயிலும் வட்டத்துக்கு மட்டும் அவன் நேரில் போக வேண்டும்.