மறு: ‘நம்பிக்கை’ போதாது; ‘மெய்க்கோள்’ என்று வைக்கலாமா?

குழு அன்பர்களுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

மூன்று வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஈப்போ நண்பரின் நேற்றைய மடலைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் எழுதியது:

> நாத்திகத்தையும் ஒரு மதம் என்றே வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. ‘மதம் அல்லது நம்பிக்கை’ என்று இழுக்க வேண்டாம், ‘மதம்’ ஒன்றே போதும். திராவிடர் கழகத்தாருக்கும் தலைவர் உண்டு, கொடி உண்டு, விழா உண்டு, படத்துக்கு மாலையும் உண்டு. மதத்துக்கு வேறென்ன வேண்டும் ஐயா?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் 18ஆம் பிரிவை (மதச் சுதந்திரம்) விளக்கி ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் வெளியிட்ட 22ஆம் பொதுக்கருத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். அதில் ‘ரிலிஜன் ஆர் பிலீஃப்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. பிலீஃப் என்பதற்கு ‘நம்பிக்கை’ என்று போட்டோம். அதில்தான் வண்டி நின்றுவிட்டது.

நண்பரின் வழி சுலபமானது. ஆனால் தவறான வழி என்று நினைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1929 டிசம்பரில் பெரியார் முதன்முறையாக மலாயா வந்தபோது பினாங்கில்தான் வந்து இறங்கினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா அன்று கூட்டத்தில் நின்றவர். 1954 இறுதியில் பெரியார் மீண்டும் வந்தபோது அப்பாவுக்குப் பதினாறு வயது. அதன்பிறகு அவர் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. அம்மாவைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவார், அடிவாரத்திலேயே காத்திருந்து கூட்டி வருவார். அவ்வளவுதான். அவர்களுடையது சீர்திருத்தத் திருமணம். வீட்டுக் கூடத்தில் பெரியார் படம், அதற்குச் சந்தன மாலை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா இறந்த மறுநாள் ஓர் அலுவலகத்தில் பாரம் (படிவம்) நிரப்ப வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. பணியில் இருந்தவர் ‘அகாமா?’ (மதம்?) என்று மலாயில் கேட்டார். ‘தியாடா’ (இல்லை) என்றேன். பெயரை ஒருமுறை பார்த்தார், ‘ஹிந்து’ என்று எழுதிவிட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா என் கையைப் பிடித்து, “விடுப்பா, அவரு வந்து கேக்கவா போறாரு” என்றார். விட்டுவிட்டேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

இப்போது ஈப்போ நண்பரின் சொற்படி அந்தக் கட்டத்தில் ‘மதம்: நாத்திகம்’ என்று எழுதியிருந்தால் அப்பா ஏற்றிருப்பாரா? மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை “ஒமக்கு நாத்திகம்தான்யா மதம்” என்று சொன்னபோது அப்பா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “மதம் இல்லைன்னு சொல்றேன். அதையும் ஒரு மதமாக்கி என் தலையில கட்டாதீங்க.”

சரி, அப்பாவின் விருப்பம் கலைச்சொல்லுக்கு இலக்கணம் ஆகாது. சொற்களையே பார்ப்போம். இங்கேதான் நிறைய இருக்கிறது.

‘நாத்திகம்’ வடசொல். அஸ்தி என்றால் உண்டு, நாஸ்தி என்றால் இல்லை. எது இல்லை என்பதில்தான் வழக்கு. மனுநூலில் நாத்திகன் என்றால் வேதத்தை நிந்திப்பவன். கடவுளைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அதனால்தான் பௌத்தமும் சமணமும் நாத்திகப் பக்கம் போயின. படைத்தவன் என்று ஒருவன் தேவையில்லாமலே உலகை விளக்கிய சாங்கியம், வேதத்தை ஒப்புக்கொண்டதால் ஆத்திகப் பக்கமே இருந்தது. இந்தக் கணக்கை நம் மலேசியாவுக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் 18.7 விழுக்காடு. மனுவின்படி அத்தனை பேரும் நாத்திகர்! 2010 கணக்கெடுப்பில் ‘மதமில்லை’ என்று பதிவானவர்களோ வெறும் 0.7 விழுக்காடு. ஆக, ‘நாத்திகம்’ என்ற சொல் பேச்சுக்குப் போதும், சட்ட வரிகளுக்குப் போதாது.

அப்புறம் ‘சமயம்’. பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை சென்ற வாரம் கேட்டிருந்தார், தமிழ் மரபு நாத்திகத்தைச் சமயமாகக் கருதியதா என்று. ஆசிரியை அவர்களே, நேர்மையாகச் சொன்னால், கருதியது. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டே போகிறாள். கடைசியில் பூதவாதியிடமும் கேட்கிறாள். உடம்பில் பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும், மறுபிறவி கிடையாது என்று சொல்பவன் அவன். அவனும் அந்த வரிசையில் ஒருவன்தான். அதே காதையில் ஆறு சமயங்களுக்கும் ஆசிரியர்களைச் சொல்லும்போது, கடவுளையும் மறுமையையும் ஏற்காத உலோகாயதம்தான் முதலில் நிற்கிறது. சைவ சித்தாந்தமும் உலோகாயதத்தைப் புறப்புறச் சமயம் என்று வகைப்படுத்துகிறது. சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம் உலோகாயதனை மறுத்துத்தான் தொடங்குகிறது. எவ்வளவு தள்ளி வைத்தாலும் சமயம் என்ற சொல்லை அவனிடமிருந்து பிடுங்கவில்லை.

‘மதம்’ இன்னும் சுவையானது. நன்னூல் பாயிரத்தில் ‘எழுவகை மதம்’ வருகிறது. அங்கே மதம் என்றால் நூலாசிரியன் எடுக்கும் நிலைப்பாடு. உடன்படல் ஒரு மதம். அடுத்ததே மறுத்தல்! மறுப்பதும் ஒரு மதம் என்று எழுதிய பவணந்தியார் சமணர். மனுவின் கணக்கில் அவரே நாத்திகர்.

இதையெல்லாம் சொன்னால் ஈப்போ நண்பர் “பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே” என்பார். இல்லை ஐயா. அந்தக் காலத்து மதமும் சமயமும் ‘கொள்கை’ என்ற பொருளில் நின்றவை. வாதாடலாம், தோற்றால் மாறலாம். இன்று பாரத்தில் இருக்கும் ‘மதம்’ அது அல்ல. பிறப்போடு வருவது, பெயரைப் பார்த்து எழுதப்படுவது, திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் வழி சொல்வது. சொல் அதேதான், உள்ளிருக்கும் பொருள் மாறிவிட்டது. சமக்கிருத ஆகமம் மலாயில் ‘அகாமா’ ஆகி ‘மதம்’ என்ற பொருளில் நிற்கிறது, நமக்கோ ஆகமம் என்றால் கோயில் நூல். இப்படி ஒரு சொல் இரண்டு ஊரில் இரண்டு வேலை பார்ப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். நன்னூல் காலத்துப் பொருளை வைத்து இன்றைய கட்டத்தை நிரப்ப முடியாது.

மாலை, கொடி, விழா பற்றி. மாலை போட்டால் மதம் என்றால் எங்கள் தெருப் பந்துக் குழுவும் மதம்தான். சடங்கு மனிதர்களுக்குத் தேவை, அது எங்கும் முளைக்கும். அப்பா அந்தப் படத்திடம் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. காய்ச்சல் வந்தால் மருந்துக் கடைக்குத்தான் போனார். பெரியார் சொன்னதிலும் தனக்கு ஒப்பாததை ஒப்பவில்லை என்றே சொல்வார். வேதநூலும் மறுமையும் வழிபாடும் இல்லாத ஒன்றை, மாலையை மட்டும் பார்த்து மதம் என்று சொல்லலாமா? கழகத்தில் சிலர் கேள்வியே கேட்காமல் பின்தொடர்கிறார்கள் என்றால், அது அவர்களுடைய குறை. அதற்கு வேறு சொல் இருக்கிறது.

ஆனால் நண்பரின் மடலில் சொல்லப்படாத ஒரு வலுவான காரணம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். நம் அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு தம் மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. மதமே இல்லாதவர் அந்தக் குடைக்குள் வருவாரா? 2017 நவம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு துணையமைச்சர், மதச் சுதந்திரம் என்பது மதத்திலிருந்து விடுபடும் சுதந்திரம் அல்ல என்று விளக்கினார். நம் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே ‘இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்’. தமிழ்ப்பள்ளியில் படித்த நாம் எல்லாரும் சபைகூடலில் கைதூக்கிச் சொன்னதுதான். இந்தச் சூழலில் ‘நாத்திகமும் மதமே’ என்று சொல்லி உள்ளே நுழைந்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அமெரிக்காவில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஒரு கைதி சிறையில் நாத்திகர் படிப்பு வட்டம் நடத்த அனுமதி கேட்டார். அரசியலமைப்பு தரும் பாதுகாப்புக்காக நாத்திகத்தையும் மதம்போல் நடத்த வேண்டும் என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்புக்காக ‘மதம்போல்’ நடத்துவது வேறு, மதம் என்று பெயர் சூட்டுவது வேறு. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் இதை நேராகவே எழுதிவிட்டது: மதம் என்று சொல்லும் இடத்தில் மதம் இல்லாமையும் அடங்கும், நம்பிக்கை என்று சொல்லும் இடத்தில் நம்பிக்கை இல்லாமையும் அடங்கும். யார் தலையிலும் எதையும் கட்டவில்லை. நாம் மொழிபெயர்க்கும் ஆவணமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அதில் மூன்று வகை தனித்தனியாக வருகின்றன: தீஸ்டிக் (இறையை ஏற்பது; பட்டியலில் ‘இறையேற்பு’), நான்-தீஸ்டிக் (இறையைச் சாராதது), எதீஸ்டிக் (இறையை ஏற்காதது). மூன்றையும் ‘மதம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் மொழிபெயர்ப்பு பொய்யாகிவிடும்.

இனி ‘நம்பிக்கை’. இது நல்ல சொல், ஆனால் சுமை அதிகம். வங்கிக்காரர் மேல் வைப்பதும் நம்பிக்கை, மகள் தேறிவிடுவாள் என்பதும் நம்பிக்கை, முருகன் மேல் வைப்பதும் நம்பிக்கை. ‘நாத்திக நம்பிக்கை’ என்று எழுதிப் பாருங்கள், தமிழ்க் காது அங்கேயே இடறும். ‘கொள்கை’ என்றால் கட்சியும் அரசாங்கமும் முன்னால் வந்து நிற்கின்றன. ‘உலகநோக்கு’ ஒருவர் சொன்னார், பொருள் சரிதான், ஆனால் வேர்ல்ட்வியூ என்ற ஆங்கிலச் சொல் அதில் அப்படியே தெரிகிறது.

என் முன்மொழிவு ‘மெய்க்கோள்’. மெய் என்று ஒருவர் கொள்வது. குறிக்கோள், மேற்கோள் என்ற வரிசையில் இயல்பாக உட்காரும். நன்னூலின் அதே எழுவகை மதச் சூத்திரத்தில் ‘இருவர் மாறுகோள்’ என்று வருகிறதே, அந்தக் கோள்தான் இது. மறுப்பு இரண்டு வரும் என்று எதிர்பார்க்கிறேன். கோள் என்றால் கோள்மூட்டுவது என்பார்கள். மேற்கோள் என்னும்போது யாருக்கும் கோள்சொல்லி நினைவுக்கு வருவதில்லை. மெய் என்றால் உடம்பு என்பார்கள். மெய்ப்பொருள், மெய்யறிவு என்று எழுதுகிறோம், குழப்பமில்லை. முக்கியமாக, மெய்க்கோள் என்பதில் ‘இது மெய்’ என்ற தீர்ப்பு இல்லை. அவர் அப்படிக் கொள்கிறார், அவ்வளவுதான். சைவருக்கும் மெய்க்கோள் உண்டு, கிறித்துவருக்கும் உண்டு, அப்பாவுக்கும் உண்டு. அதில் வழிபாடும் மரபும் சமூகமும் சேர்ந்தால் மதம்.

எதீஸ்டிக் என்பதற்கு ‘இறைமறுப்பு’ என்று பட்டியலில் இருக்கிறது. அப்பாவுக்கு அது பொருந்தும், அவர் மறுத்தார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகனுக்குப் பொருந்தாது. “மாமா, நான் எதையும் மறுக்கல. எனக்கு அந்த எண்ணமே வர்றதில்ல” என்கிறான். இருவருக்கும் பொதுவாக ‘இறையேற்பின்மை’ வைக்கலாம். அதன் உள்வகையாக இறைமறுப்பு இருக்கட்டும். ‘இறையேலாமை’ இன்னும் சுருக்கம்தான், ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு ‘ஏலாது’ என்றால் முடியாது. அவர்கள் காதில் அது இறைவனால் முடியாது என்று விழுந்துவிடும். நான்-தீஸ்டிக் என்பதற்கு ‘இறைசாரா’ போதும். பழைய தத்துவ நூல்களின் ‘நிரீச்சுரவாதம்’ அழகான சொல், ஆனால் இன்று யாருக்கு விளங்கும்? ஹக்ஸ்லி 1869இல் ஆக்கிய அக்னாஸ்டிக் என்ற சொல்லுக்கு ‘அறியொணாவாதம்’ ஏற்கெனவே புழங்குகிறது, அதைத் தொட வேண்டாம்.

மதமில்லாத ஆளைக் குறிக்க ‘மதமிலி’ என்று சுங்கை பட்டாணி தம்பி எழுதியதற்கு, அறிவிலி, நாணிலிபோல் வசவாக ஒலிக்கிறது என்று இருவர் எதிர்த்தார்கள். பிறப்பிலி, இறப்பிலி என்று சிவனையே பாடியிருக்கிறோம். ‘இலி’ வசவு அல்ல. தம்பியின் சொல்லை ஆதரிக்கிறேன். பாரத்தில் மட்டும் ‘மதம்: இல்லை’ என்றே இருக்கட்டும், அங்கே கலைச்சொல் தேவையில்லை.

இவற்றை வைத்து ஆவணத்தின் 2ஆம் பத்தியின் முதல் வாக்கியத்தை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

> இறையேற்பு, இறைசாரா, இறையேற்பின்மை ஆகிய எல்லா மெய்க்கோள்களையும், எந்த மதத்தையும் மெய்க்கோளையும் மேற்கொள்ளாதிருக்கும் உரிமையையும் 18ஆம் பிரிவு காக்கிறது.

நேற்று இரவு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “மெய்க்கோள்னா?” என்றார். “உண்மைன்னு ஒருத்தர் மனசுல வெச்சிருக்கிறது” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ ஒங்கப்பாவுக்கு இருந்துச்சு” என்றார்.

ஈப்போ நண்பரே, ‘மெய்க்கோள்’ என்று வரும் மற்ற இடங்களையும் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், உங்கள் காது கூர்மையானது. ஆசிரியை அவர்கள் பெற்றோர் கூட்டத்தில் இந்த வாக்கியத்தை வாசித்துக் காட்ட முடிந்தால் எங்கே தடுக்கிறது என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து