சொந்தக் கதை எழுதுறன், அதுக்குள்ள தம்பியும் பக்கத்து வீட்டு அக்காவும் வருகினம், என்ன செய்யிறது?

குளக்கட்டடி:
வணக்கம் எல்லாருக்கும். நான் கிளிநொச்சி, 1981இல பிறந்தனான். கனகாலமா என்ர வாழ்க்கையை எழுதவேணும் எண்டு மனசுக்குள்ள கிடந்தது, இப்பதான் ஒரு சீஆர் கொப்பி வாங்கித் தொடங்கியிருக்கிறன். அம்மா அப்பா 1977 கலவரத்தோட மலையகத் தோட்டத்தில இருந்து ஓடிவந்து இஞ்ச காடு வெட்டிக் குடிசை போட்டவை, நாங்கள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கிளிநொச்சி மண்தான். 1996இல ஆமியின்ர சத்ஜெய சண்டையோட வெளிக்கிட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம் எண்டு அலைஞ்சது, ஜாம்போத்தல் விளக்கில படிச்சுப்போட்டு காலமை எழும்பினா மூக்குக்குள்ள எல்லாம் கரியா இருக்கும், அதுகளை எழுதேக்க கை தன்ரபாட்டில ஓடுது. 2009 தை மாசத்துக்கு, கடைசிச் சண்டைக் காலத்துக்கு வந்தவுடன பேனை நிக்குது.

ரெண்டு விசயம். ஒண்டு தம்பி. சண்டை முடியேக்க வட்டுவாகல் பாலம் கடந்து ஆமியின்ர பக்கத்துக்கு வந்தாப்பிறகு எங்கட கண்ணுக்கு முன்னால பிரிச்சுக் கூட்டிக்கொண்டு போனவை, இண்டுவரைக்கும் ஒரு பதிலும் இல்லை. 2017 மாசி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர குடும்பங்களின்ர போராட்டம் தொடங்கின நாளில இருந்து அம்மா போய்க்கொண்டிருக்கிறா. நான் எழுதுறன் எண்டு சொன்னதுக்கு அவ சொன்னது இதுதான், "எழுது வேணாங்கல, தம்பிய பத்தி மட்டும் எழுதாதடி, நாளைக்கு அவன் வந்து படிச்சா என்ன நெனப்பான்". அதுக்கு நான் என்ன சொல்லுறது?

மற்றது அந்தக் கடைசிச் சண்டை நேரம் முல்லைத்தீவுக் கடற்கரையில, மாத்தளனில நடந்தது. செல்லடி தொடங்கினவுடன பக்கத்து பங்கருக்கு ஓடினனாங்கள், எங்கட ஊர் அக்காதான் அதுக்குள்ள, "தோட்டக்காட்டு ஆக்களுக்கு இதுக்குள்ள இடமில்லை" எண்டு சொல்லிப்போட்டா. அந்த அக்கா இப்பவும் எங்கட ஒழுங்கைதான். அவவின்ர மனுசன் அதே மாசம் செத்துப்போனார். எங்கட வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வாறவ. இதை விட்டிட்டு எழுதினா நான் எழுதுற முழுக்கதையும் பொய்யாப் போகும், எழுதினா அந்த மனுசி என்னெண்டு ஊருக்குள்ள தலை நிமிர்ந்து நடக்கிறது. எழுதினவை ஆரும் இருந்தா சொல்லுங்கோ.

பரந்தன்காரன்:
தங்கச்சி, எழுதுங்கோ, பேரோட எழுதுங்கோ. நான் இப்ப வெளிநாட்டில இருக்கிறன், இஞ்ச எங்கட ஆக்கள் வன்னியைப் பற்றிக் கதைக்கிறதைக் கேட்டா எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளையளா இருந்தமாதிரித்தான் இருக்கும். இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல் வச்சிருந்தது ஆர், அந்த வயலில கூலிக்கு அருவி வெட்டினது ஆர், 77, 83 கலவரங்களுக்குப் பிறகு வந்த சனத்தில எத்தினை பேர் காணிக்கு ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் காலம் முழுக்க இருந்தவை, இதை ஒருத்தரும் வாய் திறந்து கதைக்கிறேல்லை. உங்களைப்போல ஆக்கள் எழுதாட்டி இது இப்பிடியே மண்ணுக்குள்ள போயிடும். அந்த அக்கா சொன்னது அவ சொன்னதுதானே, நீங்கள் ஏன் பயப்பிடவேணும்?

வற்றாப்பளையாள்:
பரந்தன் அண்ணை சொல்லுற கோபம் எனக்கு விளங்குது, ஆனா ஒழுங்கைக்குள்ள இருக்கப்போறது இந்தத் தங்கச்சிதான், நாங்கள் இல்லை. பேர் போடுறதில எனக்கு உடன்பாடு இல்லை. அதோட பேரை மட்டும் மாத்தினாலும் காணாது, எங்கட ஊர்களில "சந்தியில இருந்து மூண்டாம் வீடு, மனுசன் சைக்கிள் கடை வச்சிருந்தவர்" எண்டு எழுதினாலே எல்லாருக்கும் ஆள் ஆர் எண்டு தெரிஞ்சுபோகும். வீடு, தொழில், பிள்ளையளின்ர எண்ணிக்கை எல்லாம் மாத்துங்கோ. அவ சொன்ன வசனத்தை மட்டும் ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ, அதை மாத்தினா எழுதுறதில அர்த்தமில்லை.

நானும் அந்த நேரம் மாத்தளனிலதான் இருந்தனான், அதால ஒண்டு சொல்லுறன். அந்தப் பங்கரை முதல் எழுதுங்கோ. அங்க கடற்கரை மண், வெட்ட வெட்ட சரிஞ்சு விழும், கிளிநொச்சி மண்மாதிரி நிக்காது. உரப்பை கிடைக்காமல் சீலையளை வெட்டி பை தைச்சு மண் நிரப்பி அடுக்கினனாங்கள், எங்கட அம்மா தன்ர கூறைச்சீலையை எடுத்து ஊசிநூலால ராராவா இருந்து தைச்சவ, பட்டு எண்டபடியால் கரைப்பக்கம் பிரிஞ்சு பிரிஞ்சு மண் கொட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது, அதுக்கு மேல பனங்குத்தி. அஞ்சு பேர் குந்தியிருக்கிற கிடங்கில ஆறாவது ஆள் இறங்கினா சுவர் எல்லாற்ற தலையிலயும் வரும். வாசிக்கிற ஆளை முதல் அந்தக் கிடங்குக்குள்ள குந்தவிடுங்கோ, பிறகு நீங்கள் ஓடிவாறதை எழுதுங்கோ, பிறகு அந்த வசனம். இடமில்லை எண்டது உண்மையா இருக்கலாம், தோட்டக்காட்டு ஆக்கள் எண்டு சொன்னதுக்கு மண் சரியிறது காரணம் இல்லை. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில வந்து நிண்டா நீங்கள் அவவைத் திட்டவும் தேவையில்லை, காப்பாத்தவும் தேவையில்லை. கோபம் இருந்தா கோபத்தையும் எழுதுங்கோ, அந்த நேரத்துக் கோபமா எழுதுங்கோ, இப்ப இருந்து நியாயம் பிரிக்கிற குரலில எழுதாதேங்கோ.

பழைய வாத்தியார்:
பிள்ளை, நான் தம்பியின்ர விசயத்தைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டா காணாமல் ஆக்கப்பட்டவையின்ர குடும்பங்களுக்குக் கடிதம், படிவம் எழுதிக் குடுத்துக்கொண்டு வாறன். அம்மா 2010, 2011இல நல்லிணக்க ஆணைக்குழு வந்த நேரம் சாட்சியம் சொல்லியிருப்பா, பிறகு 2016 சட்டத்தால வந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் குடுத்திருப்பா, மனித உரிமை ஆணைக்குழு, செஞ்சிலுவை எண்டு எல்லா இடமும் பதிஞ்சிருப்பா. அந்தப் பிரதிகள் எல்லாத்தையும் எடுத்து வச்சு ஒருக்கா வாசியுங்கோ. அதில இருக்கிற திகதி, இடம், தம்பி போட்டிருந்த சேட்டு, ஆர் கூட நிண்டவை எண்டதுக்கும் நீங்கள் எழுதுறதுக்கும் வித்தியாசம் வந்தா நாளைக்கு அதைக் காட்டி அம்மாவின்ர முறைப்பாட்டையே பிழை எண்டு சொல்லுவினம். உங்கட ஞாபகம் வேற மாதிரி இருந்தா வேற மாதிரித்தான் இருக்கு, அதை மறைக்கவேண்டாம், "அம்மாவுக்கு இப்பிடி ஞாபகம், எனக்கு இப்பிடி" எண்டு ரெண்டையும் எழுதுங்கோ. கூட நிண்ட ஆக்களின்ர பேரைக் கட்டாயம் அவையைக் கேக்காமல் போடவேண்டாம், விசாரிக்க எண்டு ஆக்கள் இப்பவும் வீட்டு வாசலுக்கு வருகினம்தானே.

அம்மாட்டைத் திகதி கேக்காதேங்கோ, வராது. இடத்தைக் கேளுங்கோ. தருமபுரத்தில எந்த மரத்துக்குக் கீழ தறப்பாள் கட்டினது, சுதந்திரபுரத்தில தண்ணி எங்க அள்ளினது, இரணைப்பாலையில ஆற்ற காணி, அப்பிடிக் கேட்டா ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்துகொண்டே இருக்கும். ஃபோனில ரெக்கோட் பண்ணுங்கோ, அவ கதைக்கிற தமிழிலயே எழுதுங்கோ, உங்கட தமிழுக்கு மாத்தாதேங்கோ. திகதியளைப் பிறகு நூலகம் இணையத்தளத்தில ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கிற பழைய பேப்பர், சஞ்சிகையளோட சரிபார்க்கலாம்.

அம்மா எழுதவேண்டாம் எண்டு சொல்லேல்லை எண்டுதான் எனக்குப் படுது. மகன் வந்து வாசிப்பான் எண்டு சொல்லுறா. அப்ப அவன் வாசிக்கக்கூடியமாதிரி எழுதுங்கோ. அவனுக்குப் பிடிச்ச சாப்பாடு, அவன் பள்ளிக்கூடம் கள்ளம் போட்டது, உங்களோட சண்டை பிடிச்சது எல்லாம் வரட்டும். கனபேர் எழுதேக்க கொண்டுபோன அந்த ஒரு நாளை மட்டும் எழுதுகினம், பிள்ளை அதுக்கு முதல் எத்தினையோ வருசம் அந்த வீட்டில இருந்தவன்.

பரந்தன்காரன்:
வற்றாப்பளைத் தங்கச்சி சொன்னது சரி, பேர் விசயத்தில நான் இனிச் சண்டை பிடிக்கேல்லை. ஆனா அந்த வசனத்தை மட்டும் தயவுசெய்து எடுக்கவேண்டாம், ஆர் கேட்டாலும்.

குளக்கட்டடி:
எல்லாருக்கும் நன்றி. அந்த வசனம் நிக்கும் அண்ணை. அக்காவுக்கு அச்சடிக்க முதல் நானே போய் வாசிச்சுக் காட்டப்போறன், அவ என்ன சொன்னாலும் அதையும் எழுதுவன். வாத்தியார், தம்பியைப் பற்றி நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சனான், கொஞ்சநேரம் ஒண்டும் கதைக்காமல் இருந்திட்டு "அவனுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் உசுரு, அத போடு மொதல்ல" எண்டு சொன்னா. இனி ஃபோனைப் பக்கத்தில வச்சுக்கொண்டுதான் சமைக்கிறம். ஒரு உதவி, முறைப்பாட்டுப் பிரதியளில கொஞ்சம் முகாமில நனைஞ்சு எழுத்து அழிஞ்சுபோச்சு, திரும்ப எடுக்கேலுமா?

பழைய வாத்தியார்:
ஓம் பிள்ளை, அலுவலகத்துக்குக் குடுத்ததுக்கு ஒரு பதிவு இலக்கம் தந்திருப்பினம், அதைக் கொண்டு போய்ப் பிரதி கேளுங்கோ. அழிஞ்சதையும் எறியவேண்டாம், வெயில் வெளிச்சத்தில வச்சு ஃபோட்டோ எடுத்து வையுங்கோ, சிலநேரம் பெரிசாக்கிப் பாத்தா எழுத்துத் தெரியும்.