மறு: கேம் ஜாம் – ‘வனைகூடல்’ பொருந்துமா?

அன்புடையீர்,

பின்லாந்தின் கணினி விளையாட்டுத் தொழிலைப் பற்றி நான் எழுதிவரும் கட்டுரையில் ‘கேம் ஜாம்’ என்ற தொடர் பன்னிரண்டு இடங்களில் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் அதைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டு வைத்திருந்தேன். சென்ற வாரம் இதற்கு நல்ல தமிழ்ச்சொல் தருமாறு குழுவில் உதவி கேட்டபோது இத்தனை மறுமொழிகள் வரும் என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் படித்த பிறகு, ஒரு முன்மொழிவோடு வருகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மறுமொழிகளில் பாதி அதைப் போட்டி என்றும் மீதி அதைப் பயிலரங்கு என்றும் கொண்டு எழுதப்பட்டவை. கேம் ஜாம் என்பது, விளையாட்டு உருவாக்குவோர் ஒன்றுகூடி, அங்கே அப்போது அறிவிக்கப்படும் ஒரு கருப்பொருளை வைத்து, குறித்த காலத்துக்குள், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள், ஒரு விளையாட்டை ஆடிப்பார்க்கக்கூடிய அளவுக்குச் செய்து முடிப்பது. 2002-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் நடந்த ஒரு சந்திப்பிலிருந்து இப்பெயர் பரவியது. 2006-இல் கோபன்ஹேகனில் நார்டிக் கேம் ஜாம் தொடங்கியது. 2009-இல் உலகக் கேம் ஜாம் 23 நாடுகளில் ஒரே வார இறுதியில் நடந்தது. இந்த உலக நிகழ்வு போட்டியே அன்று. கற்றுக்கொடுக்க ஆசிரியர் ஒருவரும் அங்கில்லை. ஆகவே ‘விளையாட்டாக்கப் போட்டி’, ‘விளையாட்டுப் பட்டறை’ ஆகிய இரண்டையும் விலக்கிவிடலாம் என்பது என் கருத்து.

‘ஜாம்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜாஸ் இசைக்கலைஞர்கள் முன்னேற்பாடின்றிக் கூடி வாசிப்பதிலிருந்து வந்த சொல் அது. நமக்கோ ஜாம் என்றால் ரொட்டியில் தடவுவது. இல்லையென்றால் கிண்டியில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொள்வது. மூலத்தின் உருவகம் நம் காதில் ஒலிக்காத இடத்தில், ஒலியை மட்டும் சுமந்து வருவதால் என்ன பயன்?

வந்த பரிந்துரைகளில் என்னை மிகவும் ஈர்த்தது ‘ஆசாட்டம்’. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நாற்கவிகளில் ஆசுகவி என்பது கொடுத்த பொருளிலும் கொடுத்த அடியிலும் அந்த நொடியே பாடுவது. கருப்பொருளைக் கேட்டவுடன் வேலையில் இறங்கும் கேம் ஜாமுக்கு நம் மரபில் இதைவிட நெருங்கிய உறவு இல்லை. ஆயினும் இரண்டு தடைகள் உள்ளன. விரைவைக் குறிக்கும் ‘ஆசு’ வடசொல். தமிழில் அதே வடிவில் ‘குற்றம்’ என்னும் பொருளுடைய ஆசு இருக்கிறது. பழக்கமில்லாதவர் ‘ஆசாட்டம்’ என்பதை ஆசை ஆட்டம் என்று படிப்பார், பழகியவர் குற்றமுள்ள ஆட்டம் என்று படிப்பார். (இரண்டு நாளில் செய்த விளையாட்டு என்பதால் இரண்டாவது பொருள் உண்மைதான் என்று இதற்குள் எவராவது எழுதியிருப்பீர்கள்.) மேலும் ஆசுகவி தனியாள், இங்கோ ஓவியரும் இசையமைப்பாளரும் நிரலரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறார்கள்.

‘குடிமராமத்து’ என்பதை ஒட்டி ‘ஆட்டமராமத்து’ என்று வேடிக்கையாக எழுதிய நண்பருக்கு ஒரு செய்தி: உலகக் கேம் ஜாமின் 2020-ஆம் ஆண்டுக் கருப்பொருளே ‘பழுதுபார்த்தல்’தான். வேடிக்கை ஒருபுறம் இருக்க, ஊர்கூடிக் கூலியின்றி வேலைசெய்வது என்ற அவரது நினைப்பு பின்லாந்துக்கு மிகவும் பொருத்தம். அங்கே அண்டை அயலார் சேர்ந்து ஒரு வேலையை முடித்துக்கொடுத்து, வீட்டுக்காரர் அளிக்கும் உணவை உண்டு கலைவதற்குத் ‘தல்கோத்’ என்று பெயர். அந்நாட்டு விளையாட்டுத் தொழிலின் வேரும் இத்தகைய கூடல்களில்தான் இருக்கிறது. 1992-இல் தொடங்கிய அசெம்பிளி என்னும் கணினிக்கலை விழாவில் பங்கேற்ற பியூச்சர் க்ரூ குழுவைச் சேர்ந்தவர்கள் 1995-இல் ரெமெடி என்னும் விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். 2003-இல் அதே விழாவில் நடந்த கைப்பேசி விளையாட்டுப் போட்டியில் வென்ற மூன்று மாணவர்கள் தொடங்கியதே பின்னாளில் ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ விளையாட்டைத் தந்த ரோவியோ ஆனது. விழாவின் உயிரான ‘டெமோசீன்’ மரபை, அதாவது கணினி நிரலால் ஒலி-ஒளிக் காட்சிகளைப் படைத்துக் காட்டும் கலையை, பின்லாந்து 2020-இல் தன் தேசிய வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகையால் ‘கூடல்’ என்னும் கூறு நம் சொல்லில் இருந்தே ஆகவேண்டும்.

ஆனால் கூடல் மட்டும் போதாது. மாதந்தோறும் கூடிப் பேசிக் கலைவதும் கூடல்தான். அங்கே ஒன்று செய்யப்படுகிறது என்பது தெரியவேண்டும். ‘ஆக்கம்’ எதற்கும் பொருந்தும் சொல், அதனாலேயே எதையும் காட்டாத சொல். ‘புனைதல்’ இன்று கதை எழுதுவோரின் உடைமையாகிவிட்டது. அதனால் ‘வனைதல்’ என்ற வினைக்கு வந்தேன். குயவர் சக்கரத்தில் மண்ணை வைத்ததும் கலம் கண்முன்னே எழுகிறது. அது விரைவான வேலை, கையின் வேலை. அந்தக் கலத்தில் உடனே நீரூற்ற முடியாது; அது பசுமட்கலம், சூளைக்குப் போயாகவேண்டும். கேம் ஜாமின் முடிவில் கிடைப்பதும் இத்தகைய சுடாத கலம்தான்.

இதற்குப் பின்லாந்திலிருந்தே நல்ல சான்று உண்டு. ஆர்வி தெய்காரி 2017-ஆம் ஆண்டு நார்டிக் கேம் ஜாமில் ‘அங்கில்லை’ என்ற பொருள்படும் கருப்பொருளுக்குச் செய்த ‘பாபா இஸ் யூ’ அங்கே முதலிடம் பெற்றது. முழு விளையாட்டாக வெளிவந்தது 2019 மார்ச்சில். வனைந்தது இரண்டு நாள், சுட்டெடுத்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அந்த விளையாட்டில் விதிகளே சொற்கட்டைகளாகத் தரையில் கிடக்கின்றன. ‘சுவர்’, ‘இஸ்’, ‘தடை’ என்று வரிசையாக நிற்கும் கட்டைகளில் ஒன்றைத் தள்ளிவிட்டால் சுவருக்குள் புகுந்து நடக்கலாம். இதைத் தமிழாக்கினால் நடுக்கட்டைக்கு வேலையே இராது என்பதைக் கவனியுங்கள். ‘சுவர் தடை’ என்பது நமக்கு முழு வாக்கியம். மொழிபெயர்ப்பாளரைத் திணறடிக்கும் விளையாட்டு!

எனவே என் முன்மொழிவு ‘வனைகூடல்’. தெளிவு தேவைப்படும் இடத்தில் ‘ஆட்ட வனைகூடல்’ எனலாம். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. ஆகவே ‘வனைக்கூடல்’ என்று ஒற்று மிகுத்து எழுதவேண்டாம். பங்கேற்பவர் வனைஞர். உலகக் கேம் ஜாம், உலக வனைகூடல் ஆகும்.

ஒரு குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். 2002-இல் தொடங்கிய லூடும் டாரே என்னும் இணையவழிக் கேம் ஜாம், அவரவர் வீட்டிலிருந்து தனியாகவே செய்து இணையத்தில் சேர்ப்பிக்கக்கூடியது. அதைக் கூடல் எனலாமா? செய்தவற்றை ஒருவருக்கொருவர் ஆடிப்பார்த்து மதிப்பிடுவதால் எனலாம் என்று நினைக்கிறேன், மறுப்போர் எழுதுங்கள். ‘நிகழ்பட ஆட்டம்’, ‘கணினி விளையாட்டு’ ஆகியவற்றுள் எது சரி என்ற பழைய வழக்கை இந்த இழையில் எடுக்கவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுப்பு வலுவாக வராவிட்டால், கட்டுரையில் முதல் இடத்தில் ‘கேம் ஜாம் எனப்படும் வனைகூடல்’ என்றும், மற்ற பதினோர் இடங்களில் வனைகூடல் என்றும் எழுதிவிடுவேன். அப்போது கருப்பொருளுக்கும் ஒரு சொல் வேண்டும். ஆசுகவியின் வழியில் ‘ஈற்றடி’ எனலாம் என்று ஆசைப்பட்டேன். ஆனால் 2012-இல் உலகக் கேம் ஜாமில் கொடுக்கப்பட்டது தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பின் படம்; 2013-இல் கொடுக்கப்பட்டது இதயத் துடிப்பின் ஒலி. படத்தையும் ஒலியையும் அடி என்று எப்படிச் சொல்வது? ‘கொடுபொருள்’ என்று ஒரு சொல் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.