அனர்த்தத் தாங்குதிறன் ஆலோசனைக் குழுவில் திருகோணமலை மக்களை எவ்வாறு சேர்ப்பது?

கேள்வி: 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2020இல் புரெவிப் புயலையும் கண்ட நமது நகருக்கு அனர்த்த ஆலோசனைக் குழுவொன்று அமைப்பதானால், அதன் விதிகளை எழுதும் கட்டத்திலேயே குடியிருப்பாளர்களை எவ்வாறு ஈடுபடுத்தலாம்?

பதில் 1: கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் கூட்டம் நடத்துங்கள். அலுவலக நேரத்தில் கூட்டினால், இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் காலையில் மீனை விற்கும் திருக்கடலூர்த் தொழிலாளர்கள் வரமாட்டார்கள். கரையை நன்கறிந்தவர்களோ அவர்கள்தான்.

பதில் 2: உடன்படுகிறேன். ஆனால் சங்கத் தலைவர்களை மட்டும் நியமித்தால் (வழக்கமான அதே முகங்கள்தான்) பயனில்லை என்பதால், பாதி இடங்களையாவது விண்ணப்பித்தோரிடையே சீட்டுக் குலுக்கி நிரப்பலாம்.

பதில் 3: வாடகை வீட்டாரையும் மறவாதீர்கள். குழுவின் பரிந்துரையை உள்ளூராட்சி மன்றம் ஏற்காவிட்டால், காரணத்தை எழுத்தில் தர வேண்டுமென்ற விதியே எனக்கு முதன்மையானது.