சாலை அடித்தளத்துக்கு இடிபாட்டுக் கான்கிரீட்டும் ஸ்டீல் ஸ்லாக்கும்: எதை நம்பலாம்?

புதுஜல்லி:
வணக்கம். சாலையின் துணை அடித்தளத்துக்கு இரண்டு பொருள்களின் சாம்பிள் வந்திருக்கிறது. ஒன்று, இடித்த கட்டடக் கான்கிரீட்டை உடைத்துச் சலித்தது. இன்னொன்று ஸ்டீல் ஸ்லாக், அதாவது உருக்காலைக் கசடு. தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்த சி.பி.ஆர். (பாரம் தாங்கும் வலுவைக் காட்டும் சோதனை) இரண்டுக்கும் நன்றாக இருக்கிறது. ஸ்லாக்கின் தேய்மானம் கருங்கல் ஜல்லியை விடக் குறைவு. கான்கிரீட்டுக்கு நீர் உறிஞ்சுதல்தான் அதிகம், 6 சதவீதம். ஸ்லாக்கை எடுத்துக்கொண்டு கான்கிரீட்டை ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

லேப்வாசி:
நானாக இருந்தால் ஸ்லாக்கைப் பார்த்துத்தான் பயப்படுவேன், தம்பி.

முதலில் அது ஊதுலைக் கசடா (தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் உலையில் வருவது), எஃகு உலைக் கசடா என்று கேளுங்கள். ஊதுலைக் கசடில் வீங்கும் தொல்லை பெரும்பாலும் இல்லை. எஃகு உலைக் கசடில் கரையாத சுண்ணாம்பு தனியாக நிற்கும். தண்ணீர் பட்டால் அந்தச் சுண்ணாம்பின் கனஅளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கூடவே மக்னீசியம் ஆக்சைடு இருந்தால் அது இன்னும் மெதுவானது, வருடக்கணக்கில் வீங்கும். உங்கள் சி.பி.ஆர். அச்சு 4 நாள்தான் தண்ணீரில் கிடந்தது; அதற்குள் என்ன தெரிந்துவிடும்? 70 டிகிரி சூட்டு நீரில் குறைந்தது 7 நாள் வைத்து வீக்கம் அளக்கும் சோதனை இருக்கிறது, அதைச் செய்யுங்கள். திறந்த வெளியில் நனைத்து மாதக்கணக்கில் ஆறப்போட்டதா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது.

கான்கிரீட்டில் 6 சதவீதம் என்பது பழைய சிமெண்ட் காரை ஒட்டிக்கொண்டிருப்பதால் வருவது. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். முன்கூட்டியே நனைத்து, தண்ணீர் சேர்த்து அமுக்குங்கள். அமுக்குவதற்கு முன்னும் பின்னும் சல்லடை போட்டுப் பாருங்கள், அந்தக் காரை நொறுங்கித் தூள் கூடும்.

தார்க்காரன்:
ஸ்லாக்கை அடியில் புதைப்பானேன்? நன்றாக ஆறிய ஸ்லாக்கைத் தார்க் கலவையில் மேல் அடுக்குக்குப் போட்டால் அருமையான பிடிமானம். எடைதான் கூடும், லாரி வாடகையில் அது தெரியும்.

புதுஜல்லி:
நன்றி சார். கான்கிரீட் குவியலில் அங்கங்கே வெள்ளையாகப் பூச்சுத் துண்டுகள் தெரிகின்றன. அடித்தளத்தில் கொஞ்சம் சிமெண்ட் சேர்க்கவும் திட்டம் இருக்கிறது.

லேப்வாசி:
அப்படியானால் நிறுத்துங்கள்! அது ஜிப்சம் பூச்சாக இருந்தால் அதிலுள்ள சல்பேட்டும் சிமெண்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் உருவாகும். ஈரத்தில் அதுவும் வீங்கும். சல்பேட் அளவு பார்க்காமல் சிமெண்டைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. உடைத்த கான்கிரீட்டிலிருந்து கசியும் நீர் கடும் காரம், ஆரம்பத்தில் பி.எச். 11, 12 கூட வரும். கரைந்த சுண்ணாம்பு காற்றுப் பட்டதும் கல்லாகப் படிந்து வடிகால் துணியை அடைத்துவிடும். வடிகாலை ஒட்டிய பகுதியிலும், அலுமினியக் குழாய் அருகிலும், ஓடை ஓரத்திலும் இயற்கை ஜல்லியே போடுங்கள்.

சாம்பிள் விஷயம்: அவர்கள் பையில் கொண்டுவந்து கொடுத்ததை நம்பாதீர்கள். அது பொறுக்கி எடுத்ததாக இருக்கும். குவியலின் அடி, நடு, மேல் என நீங்களே அள்ளி, தனித்தனியாகச் சோதியுங்கள். சராசரி நன்றாக வந்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுத்தால் அந்தக் குவியல் வேண்டாம். இடிக்கும் கட்டடம் மாறினால் எல்லாச் சோதனையும் மறுபடி முதலிலிருந்து.

புதுஜல்லி:
சரி சார். சூட்டு நீர்ச் சோதனைக்கும் சல்பேட்டுக்கும் இன்றே அனுப்புகிறேன்.