கப்பல் பதிவேட்டோடு ஊர் தேடி வந்தவர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வேலூர்வாசி:
சென்ற தை மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்திருந்தார்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவர் அங்குள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். அவருடைய கப்பல் பதிவேட்டுப் பக்கத்தின் நகலில் எண், தகப்பன் பெயர், வயது, உயரம், தழும்பு, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்று எல்லாம் இருந்தன. வட ஆற்காடு, ஆரணி என்பது வரையில் தெளிவாக இருந்தது; ஊர்ப் பெயரை மட்டும் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிவிட்டதால் அது மூன்று ஊர்களுக்குப் பொருந்தியது. இரண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஊரில் கோயில் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர்கள், வந்தவர்களின் குடும்பப் பெயர் கோவெண்டர் என்று நான் சொன்னதும், "நம்ம கவுண்டர் வீட்டுப் பிள்ளைங்களா!" என்று மகிழ்ந்து மோர் வரவழைத்தார்கள். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்க, நான் யோசிக்காமல் சாதிக் கட்டத்தையும் சேர்த்து உரக்கப் படித்துவிட்டேன். அதில் பறையர் என்று இருந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெரியவர் கிழக்கே கையை நீட்டி, "அப்ப நீங்க அந்தப் பக்கம் போய்த்தான் கேக்கணும்" என்றார். டம்ளர்களில் பாதி மோர் அப்படியே இருந்தது. வந்திருந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. ஏன் எழுந்துவிட்டோம் என்று காரில் கேட்டார். இது அந்த ஊர் இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கிழக்கே நாங்கள் போகவே இல்லை.

காரைக்கால்காரன்:
என்னுடையது சிறிய அனுபவம். கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலிருந்து வந்த ஒருவர், மினாச்சி என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் எங்கள் ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்டார். 1854 டிசம்பரில் முதல் கப்பல் அந்தத் தீவை அடைந்தது முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் அங்கே போயிருக்கிறார்கள். போனவரின் தனிப்பெயரையே பிரெஞ்சு எழுத்தர்கள் குடும்பப் பெயராக்கிவிட்டதால், லட்சுமணனும் முத்துசாமியும் அங்கே பரம்பரைப் பெயர்களாக வழங்குகின்றன. அது மீனாட்சி, ஒரு பெண்ணின் பெயர் என்றேன். அவர் பையிலிருந்து வம்ச மரம் வரைந்த தாளை எடுத்து விரித்தார். அதன் உச்சியில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆணை அவர் மகள் பென்சிலால் வரைந்திருந்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

ஓய்வுபெற்ற நில அளவர்:
காரைக்கால் நண்பர் ரப்பரைக் கொடுத்தது அவசரம். மீனாட்சிசுந்தரம் என்ற ஆணின் பெயரை எழுத்தர் பாதியில் நறுக்கியிருக்கலாமே. பதிவில் ஆணா, பெண்ணா என்ற குறிப்பைப் பார்க்காமல் ஒரு முடிவுக்கு வரக்கூடாது.

வேலூர் நண்பருக்குச் சில யோசனைகள். முதலாவது, அன்றைய வட ஆற்காடு ஜில்லா இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் அடங்காது. சித்தூர், சந்திரகிரி, பலமநேர் ஆகியவை 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோதுதான் பிரிந்துபோயின. ஆகவே ஆந்திரப் பகுதியிலும் தேட வேண்டும். இரண்டாவது, நேட்டாலில் பலர் பின்னாளில் சாதிப் பட்டப் பெயர்களைக் குடும்பப் பெயர்களாக ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே பாஸ்போர்ட்டில் ஒன்றும் பதிவேட்டில் வேறொன்றும் இருப்பதில் வியப்பில்லை. மூன்றாவது, தனி ஆளைத் தேடாதீர்கள். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்த ட்ரூரோ என்ற கப்பல் முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். ஒரே ஊரார் சேர்ந்து கப்பலேறியிருந்தால் அவர்களுடைய எண்கள் அருகருகே இருக்கும். முன்னும் பின்னும் பத்து எண்களைப் பாருங்கள். ஒருவருக்குப் பிழையாக எழுதிய ஊர்ப் பெயரை அடுத்தவருக்குச் சரியாக எழுதியிருப்பார்கள். நான்காவது, பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் தகப்பன் பெயரைத் தேடலாம்.

என் அனுபவம் என்று கேட்டால், பாட்டியின் பெரியப்பா தாது வருஷப் பஞ்சத்தில் மொரீஷியஸ் போனார், திரும்பவில்லை.

மொரீஷியஸ் மருமகள்:
ஐயா, நிலம் இல்லாததால்தான் பெரும்பாலோர் கப்பலேறினார்கள். அவர்களை நிலவரிப் பதிவேட்டில் எப்படித் தேடுவது?

எங்கள் மாமியார், தம் முன்னோர் வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர். மொரீஷியஸின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கூலிகளின் குடியேற்றப் பதிவேடுகளும், 1860-களிலிருந்து அவர்களைப் பிடித்த நிழற்படங்களும் இருக்கின்றன. அங்கே அவருடைய பாட்டனாரின் படம் எங்களுக்குக் கிடைத்தது. மாமியார் அதை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். வெளியே வந்ததும், "சட்டையில்லாமல் படம் பிடித்திருக்கிறார்கள்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. இப்போது பூஜை அறையில் அந்தப் படம் இருக்கிறது. தோளிலிருந்து மறையும்படி பட்டுத்துணி போர்த்தியிருக்கிறார்.

வேலூர் ஐயா, நீங்கள் சொன்ன பொய்யை அந்த அம்மையார் நம்பித்தான் ஊருக்குத் திரும்பியிருக்கிறாரா?

வேலூர்வாசி:
ஆம், நம்பித்தான் போனார்.

நில அளவர் ஐயாவுக்கு: தாலுகா ஆரணி என்று எழுதியிருந்தேனே, நான் எதற்குச் சித்தூர் போக வேண்டும்? ஆனால் எண்களைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்தபின் நகலை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அடுத்தடுத்த எண்களில் இன்னும் நான்கு பேருக்கு அதே ஊர் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. நான்காம் ஆளுக்கு எழுதியவர் ஊர்ப் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார். மோர் கொடுத்த ஊர்தான் அது.

இந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்க் கிழக்குப் பக்கத்தில் விசாரிக்கப் போகிறேன். அம்மையாருக்கு இன்னும் எழுதவில்லை.