இந்தக் கீரை மூக்கிரட்டையா, சாரணையா?

வணக்கம். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை என்று சுற்றிச் சுற்றி வந்த வீடு எங்களுடையது. போன மாதம் கீரைக்கார அம்மா முடக்கத்தானைக் கையில் திணித்தார். ஊறவைத்த இட்லி அரிசியோடு பச்சையாக அரைத்துத் தோசை வார்த்தேன். லேசான கசப்பு, மிளகும் சீரகமும் போட்டதில் அதுவும் அடங்கிவிட்டது. அப்புறம் தூதுவளை. முள்ளை ஆய்வதற்குள் விரல் போச்சு, ஆனால் துவையலுக்கு வீட்டில் சண்டையே நடந்தது!

இந்த வாரம் 'மூக்கிரட்டை' என்று ஒரு கட்டு கொடுத்தார். இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கிறது. நீண்ட காம்பு நுனியில் கடுகளவு இளஞ்சிவப்புப் பூக்கள். பக்கத்துக் காலி மனையிலும் இதே சாயலில் ஒன்று தரையோடு படர்ந்து கிடக்கிறது. ஆனால் அதன் இலை சதைப்பற்றானது, பூவும் இலைக்கணுவிலேயே ஒட்டியிருக்கிறது. அது சாரணை என்கிறார் மாமியார்.

கட்டில் இருப்பது மூக்கிரட்டை, மனையில் கிடப்பது சாரணை என்பது என் கணிப்பு. சரியா? இரண்டையும் பிரித்தறிய வேறு அடையாளம் உண்டா? மூக்கிரட்டையைப் பாசிப்பருப்போடு கடையலாமா, பொரியல்தான் எடுபடுமா? தண்டையும் சேர்க்கலாமா? ஐந்து வயதுப் பையனுக்கும் கொடுக்க வேண்டும். சமைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள், கட்டு வாடுவதற்குள்.